ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு முகம்

சோன் கிராமத்துக் கால்வாய்ப் பாலம் வெடித்துச் சிதறியதும் என் பேரன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டான். "தாத்தா, இனிமேல் டாங்கியெல்லாம் எப்படி அக்கரைக்குப் போகும்?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பழைய ஹவில்தார் முந்திக்கொண்டார். "உன் தாத்தாவைப் போன்றவர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள், பொறுத்துப் பார்," என்றார்.

நான் 1976இல் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 28 ஆண்டுகள் பாலமும் சாலையும் போட்டு, சுபேதாராக ஓய்வு பெற்றவன். பிறந்தது ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். இருப்பது பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். இங்கே எழுதுவது 1977இல் வெளிவந்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' என்ற போர்ப் படத்தின் ப்ளூ-ரே வட்டைப் பற்றி. அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது இளம் சாப்பராக இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டருக்குப் போனோம். வசனத்தில் பாதிதான் புரிந்தது. ஆனால் யார் எந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதில் ஒரு நிமிடம்கூடக் குழம்பவில்லை. அந்தத் தெளிவு நடிகர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்து வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1944 செப்டம்பர் 17. நேச நாடுகளின் வான்வழிப் படை வீரர்கள் ஹாலந்தில் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கி, வரிசையாக இருக்கும் பாலங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். பெல்ஜிய எல்லையிலிருந்து கிளம்பும் டாங்கிப் படை ஒரே ஒரு சாலையில் 64 மைல் ஓடி, அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியாக ரைன் நதிமேல் இருக்கும் ஆர்ன்ஹெம் பாலத்தை எட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டார்கள். ஒன்பது நாள் முடிந்தபோது, ஆர்ன்ஹெமில் இறங்கிய சுமார் 10,000 பேரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருட்டோடு இருட்டாக ஆற்றைத் தாண்டித் திரும்பினார்கள். கார்னீலியஸ் ரயன் 1974இல் இதைப் பெரிய நூலாக எழுதினார். அதற்கு வில்லியம் கோல்ட்மன் திரைக்கதை எழுத, ரிச்சர்ட் ஆட்டன்பரோ இயக்கினார்.

இதைப் படமாக்குவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இரண்டு அமெரிக்க டிவிஷன், ஒரு பிரிட்டிஷ் டிவிஷன், போலந்துக்காரர்களின் ஒரு பிரிகேடு, கீழேயிருந்து வரும் டாங்கிப் படை, எதிரில் ஜெர்மானியர்கள், நடுவில் டச்சு மக்கள். எல்லார் தலையிலும் இரும்புத் தொப்பி, எல்லார் முகத்திலும் புகைக்கரி. மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடமே குறைவான படத்தில் யார் யார் என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்ப் பக்கம் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடியப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தூரத்தில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் வருவது துரியோதனனா, அர்ச்சுனனா என்று கிரீடத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். திரை விலகும்போதே தெரியும். பாட்டுக் காதில் விழ வேண்டும் என்பதில்லை. இந்தப் படத்தில் அந்தக் கிரீடத்தின் வேலையை நட்சத்திரங்களின் முகங்கள் செய்கின்றன. ஆர்ன்ஹெம் பாலத்தின் முனை என்றால் ஆன்டனி ஹாப்கின்ஸ். அதற்கு மேற்கே சுற்றி வளைக்கப்பட்ட டிவிஷன் என்றால் ஷான் கானரி. சாலையில் வரும் டாங்கி வரிசையின் தலையில் மைக்கேல் கெய்ன். நைமேகன் ஆற்றங்கரைக்கு ராபர்ட் ரெட்ஃபோர்ட். வரைபடத்தில் கொடி குத்துவது போல ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு முகத்தைக் குத்திவைத்திருக்கிறார் ஆட்டன்பரோ. தலைப்பில் பதினான்கு பேரின் பெயர் வருகிறது. யார் முதல், யார் கடைசி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஆங்கில அகரவரிசையில் போட்டுவிட்டார்கள். லாரன்ஸ் ஒலிவியர் போன்ற மேதையும் அந்த வரிசையில் தன் எழுத்து வரும்வரை காத்திருக்கிறார்.

நட்சத்திரங்களைச் சேர்த்ததற்குப் பணக் காரணமும் இருந்தது. அது எனக்குத் தவறாகப் படவில்லை. தயாரிப்பாளர் ஜோசப் லெவின் எந்தப் பெரிய ஸ்டுடியோவையும் நம்பாமல் சொந்தப் பணத்தைப் போட்டு இறங்கினார். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாட்டு உரிமையையும் தனித்தனியாக முன்கூட்டி விற்றார். எடுத்து முடியாத படத்தை யார் வாங்குவார்கள்? பெயர்களைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்தப் பெயர்களே அவருக்குப் பிணை. செலவு சுமார் 2.5 கோடி டாலர். அதில் ரெட்ஃபோர்ட் ஒருவருக்கே 20 லட்சம். அந்த வேடத்துக்கு முதலில் ஸ்டீவ் மெக்வீனைக் கேட்டார்கள். அவர் அதைவிட அதிகம் கேட்டதால் லெவின் ரெட்ஃபோர்டிடம் போனார்.

அந்தத் தொகையைப் படித்தபோது முதலில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் நைமேகன் பாலக் காட்சியை எடுத்த கதை தெரிந்த பிறகு அந்த மனிதர்களின் உழைப்பை மதிக்கிறேன். அது ஊர் நடுவில் போக்குவரத்து ஓடும் பாலம். 1976 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 9 மணி வரை ஒரே ஒரு மணி நேரம் பாலத்தை மூடித்தர அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் டாங்கி, புகை, வெடி, ஓட்டம் எல்லாம் முடிய வேண்டும். தவறினால் ரெட்ஃபோர்டை நாள் கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும், செலவு பத்து லட்சம் டாலரைத் தொடும். எடுத்து முடித்துவிட்டார்கள். குறித்த நேரத்துக்குள் பாலம் கட்டி ஒப்படைக்கும் வேலையில் இருந்தவனுக்கு இது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும்.

இனி முகங்களுக்கு வருகிறேன்.

அப்போது பெங்களூருக்கு வந்த புதிதில் நான் ஜேம்ஸ் பாண்ட் படங்களைப் பார்த்திருந்தேன். கானரி என்றால் எதிலிருந்தும் தப்பித்து வருகிறவர். அவரைத்தான் மேஜர் ஜெனரல் அர்க்கார்ட் ஆக்கியிருக்கிறார்கள். அர்க்கார்ட் கிளைடரில் ஏறினாலே குமட்டல் வருகிறவர். ஆர்ன்ஹெமில் தன் படையோடு தொடர்பு அறுந்து, ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்து, கீழே தெருவில் ஜெர்மானியர் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். தெரியாத நடிகர் அங்கே கிடந்திருந்தால், பாவம் என்று நினைத்து நகர்ந்திருப்பேன். கானரி கிடக்கும்போது, இவரே வெளியே வர முடியவில்லை என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று வயிற்றில் உறைத்தது. அர்க்கார்டும் ஸ்காட்லாந்துக்காரர், கானரியும் ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பேச்சில் போலி இல்லை.

ஹாப்கின்ஸ் அன்றைக்கு உலகம் அறிந்த நட்சத்திரம் ஆகவில்லை. பாலத்தின் வடமுனையை எழுநூற்றுச் சொச்சம் பேரோடு பிடித்துக்கொண்டு நின்ற லெப்டினன்ட் கர்னல் ஃப்ராஸ்ட் அவருக்கு வேடம். அசல் ஃப்ராஸ்ட் படப்பிடிப்புக்கு ஆலோசகராக வந்திருந்தார். குண்டு பறக்கும் தெருவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஹாப்கின்ஸ் விழுந்தடித்து ஓடியதைப் பார்த்து, இவ்வளவு வேகமாக ஓடாதீர்கள், ஆபத்தை மதிக்கவில்லை என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்றாராம். இதை என் ஹவில்தாருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்முடைய கம்பெனி கமாண்டர் அப்படித்தான் நடப்பார் சாப்," என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே மனிதர் நினைவுக்கு வந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் எட்வர்ட் ஃபாக்ஸ். ஜெனரல் ஹாரக்ஸ் வேடம். டாங்கிப் படைத் தலைவர், தன் அதிகாரிகளை ஒரு கொட்டகையில் உட்காரவைத்துத் திட்டத்தை விளக்குகிற காட்சி ஒன்று உண்டு. நான் எத்தனையோ உத்தரவுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல தளபதி பேசும்போது, சாகக்கூடிய வேலைக்கும் கை தானாகத் தூக்கும். ஃபாக்ஸ் பேசுவதில் அந்தத் தெம்பு இருக்கிறது. அசல் ஹாரக்ஸ் அவருக்கு முன்பே நண்பர், அதனால் அவரைச் சரியாகக் காட்ட மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார். அந்த நட்பு ஹாரக்ஸ் 1985இல் இறக்கும்வரை நீடித்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதும் அவருக்குக் கிடைத்தது. ஐந்து வருடம் கழித்து ஆட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் இதே ஃபாக்ஸ் ஜாலியன்வாலா பாகில் சுட உத்தரவிடும் ஜெனரல் டயராக வந்தபோது எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

ஹார்டி க்ரூகர் ஜெர்மன் ஜெனரலாக வருகிறார். பதினாறு வயதில் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்க்கப்பட்டு, அந்த நாட்களை வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். படப்பிடிப்பு இடைவேளைகளில் அந்தச் சீருடை மேல் ஒரு ஓவர்கோட்டைப் போட்டு மூடிக்கொள்வாராம். இந்தச் செய்தி தெரிந்த பிறகு அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் என் கண் அந்தக் காலரிலேயே போய் நிற்கிறது.

ஜேம்ஸ் கானுக்கு மொத்தமே சில நிமிடங்கள். செத்துவிட்டார் என்று ஒதுக்கப்பட்ட தன் கேப்டனை ஜீப்பில் போட்டுக்கொண்டு காட்டு வழியே ஓட்டிவந்து, பார்க்க மறுக்கும் டாக்டர் முன் துப்பாக்கியை நீட்டுகிற சார்ஜென்ட். நடந்த சம்பவம் இது. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

எல்லாத் தேர்வும் சரி என்று சொல்ல மாட்டேன். போலந்து ஜெனரல் சோசபோவ்ஸ்கியாக ஜீன் ஹாக்மன் வருகிறார். அருமையான நடிகர், ஆனால் போலந்துக்காரரின் பேச்சு அவர் நாக்கில் உட்கார மறுக்கிறது. இருந்தாலும் அந்தப் பாத்திரத்துக்குப் படம் செய்திருக்கும் நியாயத்துக்காக நன்றி சொல்வேன். இந்தத் திட்டம் விளங்காது என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். தோற்ற பிறகு பழியை அவர் தலையில் போட்டுப் பதவியையும் பறித்தார்கள். போருக்குப் பின் இங்கிலாந்தில் தொழிற்சாலைக் கூலியாக வேலை பார்த்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 2006இல்தான் நெதர்லாந்து அவரைக் கௌரவித்தது. ரயன் ஓ'நீல் ஜெனரலுக்கு ரொம்பச் சின்னப் பையன் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அசல் ஜெனரல் கேவினுக்கு அன்று வயது 37தான்.

எனக்குள்ள பெரிய மனக்குறை டர்க் போகார்டின் வேடத்தில்தான். நடிப்பில் குறை இல்லை. அவர் நடித்த வான்வழிப் படைத் தளபதி ஜெனரல் பிரௌனிங்கை, ஆர்ன்ஹெம் பக்கம் ஜெர்மன் டாங்கிகள் இருப்பதைக் காட்டும் புகைப்படத்தையே ஒதுக்கிவைக்கிற மனிதராகக் காட்டிவிட்டார்கள். பிரௌனிங்கின் மனைவி, எழுத்தாளர் டாஃப்னே டு மோரியே, அப்போதே வெளிப்படையாக வருந்தினார். திட்டத்தைப் போட்டவர் பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி. அவர் வேடத்துக்கு நடிகரே போடவில்லை. முகம் இல்லாத ஆளின் மேல் பார்ப்பவனுக்குக் கோபம் வராது. கோபம் முழுதும் முகம் உள்ளவன் மேல் போய் விழுகிறது. நட்சத்திரத்தைப் போடுவதற்கு எவ்வளவு பலம் உண்டோ, போடாமல் விடுவதற்கும் அவ்வளவு பலம் உண்டு. உயிரோடு இல்லாத ஒரு சிப்பாய்க்கு இது அநியாயம்.

இப்போது சோன் பாலத்துக்கு வருகிறேன். எலியட் கூல்ட் வாயில் சுருட்டோடு நிற்கும் இடம். பாலம் போய்விட்டது, பிரிட்டிஷ் சாப்பர்கள், இரும்புப் பேனல்களைக் கோத்து விரைவாகப் போடும் பெய்லி பாலத்தோடு வருகிறார்கள். அசல் நிகழ்விலும் செப்டம்பர் 18 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் பாலம் நின்றது, டாங்கிகள் ஓடின.

பெய்லிப் பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம், 570 பவுண்டு. அதாவது 260 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பேர், தூக்குக் கம்புகளைக் குறுக்கே கொடுத்து, ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். ஒருவன் அரை நொடி தாமதித்தால் மற்ற ஐந்து பேரின் இடுப்பு போகும். இரண்டு பேனலின் காதுகளும் பொருந்தியதும் பின்னைச் சுத்தியலால் இறக்குவோம். இரவில் விளக்குக் கூடாது. பின்னின் தலையில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். அதை விரலால் தடவினால் மறுமுனையில் பாதுகாப்பு ஊசி போடும் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். கண்ணே வேண்டாம், விரல் போதும். பிறகு தளம் போடாத எலும்புக்கூடு போன்ற முன்மூக்கை உருளைகள் மேல் வைத்து, பாலம் முழுவதையும் கையால் தள்ளுவோம். அந்தரத்தில் நீண்டுகொண்டே போகும். அக்கரை உருளையில் மூக்கு போய் உட்காரும் சத்தம் கேட்கும்வரை யாரும் மூச்சு விட மாட்டோம்.

அந்த இரவு வேலையை இந்தப் படம் மரியாதையோடு காட்டுகிறது. அங்கே நட்சத்திரம் யாரும் பேனல் தூக்கவில்லை. கூல்ட் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தூக்குகிறவர்களின் முகம் எதுவும் மனதில் நிற்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, எங்கள் வேலை அப்படித்தான். 2024 ஆகஸ்டில் வயநாட்டுச் சூரல்மலையில் 190 அடிப் பெய்லிப் பாலத்தை எங்கள் தம்பிகள் போட்டு முடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அதில் ஒரு முகமும் எனக்குத் தெரியாது. கைகள் மட்டும் தெரிந்த கைகளாக இருந்தன.

ஆனால் ஆற்றைக் கடக்கும் காட்சியில் எனக்கு வருத்தம் உண்டு. நைமேகனில் வால் நதியைப் பட்டப்பகலில் 26 கித்தான் படகுகளில் கடந்தார்கள். துடுப்புப் பற்றாமல் துப்பாக்கிக் கட்டையாலும் தண்ணீரைத் தள்ளினார்கள். ஒவ்வொரு படகிலும் மூன்று சாப்பர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் அக்கரையில் குதித்ததும், அதே குண்டு மழையில் படகை இக்கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த அணியை ஏற்றுவது அவர்கள் வேலை. நாங்கள் அல்சூர் ஏரியில் துடுப்புப் போடப் பழகியவர்கள், அந்தத் திரும்பும் பயணத்தை நினைத்தாலே கை மரத்துப்போகிறது. படமோ ரெட்ஃபோர்டின் முகத்தோடேயே இருந்துவிடுகிறது. இருபது லட்சம் டாலர் முகத்தை விட்டு காமிரா நகர மனம் வரவில்லை போலும். அதே சமயம், துடுப்புக்கு ஒரு சொல்லாக அவர் மாதா ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு வாரம் தவறாமல் போகும் என் ஹவில்தார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அருள் நிறைந்த மரியே" என்று கூடவே முணுமுணுத்தார். ரெட்ஃபோர்டின் வேடத்துக்கு அசலான மேஜர் குக்கும் அதைச் சொல்லித்தான் துடுப்புப் போட்டார்.

இசையமைத்த ஜான் அடிசன் அந்த டாங்கிப் படையிலேயே இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அணிவகுப்பு மெட்டில் இருக்கும் நம்பிக்கை, பின்னால் நடக்கப்போவது தெரிந்த ஒருவர் போட்டது.

ஆட்டன்பரோ இந்தப் படத்தை எடுக்கும்போதே மனதில் காந்தியைத்தான் சுமந்துகொண்டிருந்தார், 1962 முதல். பாலங்களுக்குப் பதினான்கு தெரிந்த முகங்களைத் தேடியவர், காந்திக்கு உலகம் அறியாத பென் கிங்ஸ்லியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டும் ஒரே மனிதரின் கணக்கு. கூட்டத்தில் வழி காட்ட அடையாளம் தேவை. காந்தியின் முகத்துக்கு மேல் இன்னொரு முகம் ஒட்டியிருக்கக் கூடாது.

வட்டைப் பற்றி: சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சொல்லிவைத்து 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் வந்த வட்டு ஒரு மணி நேரம் ஓடியதும் சிக்கி நின்றது. கடைக்காரர் பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு நான்கு நாளில் வேறு தந்தார். படம் அகலத் திரை அளவிலேயே வருகிறது, ஓரம் வெட்டப்படவில்லை. பாராசூட் வீரர்கள் வானம் நிறைய இறங்கும் காட்சிக்கு அது முக்கியம். அவை கணினி வேலை இல்லை, உண்மையான டகோட்டா விமானங்களிலிருந்து உண்மையான வீரர்கள் குதித்தது. இருட்டுக் காட்சிகளில் கொஞ்சம் புள்ளி தட்டுகிறது, எனக்கு உறுத்தவில்லை. ஜெர்மானியர்கள் ஜெர்மன் மொழியிலேயே பேசுகிறார்கள், ஆங்கில வரிகள் கீழே வருகின்றன. தமிழ் வரிகள் இல்லை, அது குறைதான். வீட்டுப் பெரியவர்களோடு பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். ஆஸ்பத்திரி ஆக்கப்பட்ட டச்சு வீட்டின் காட்சிகள், லிவ் உல்மன் வரும் இடம், மிகவும் கனமானவை. ஒரே மூச்சில் பார்ப்பது கடினம். நாங்கள் நைமேகன் வரை ஒரு நாள், மீதியை மறுநாள் என்று பார்த்தோம்.

மறுநாள் படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஹவில்தார் கிளம்பவில்லை. "அந்தச் சோன் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள் சாப்," என்றார். பேரன் பின்னால் ஓட்டிப் போட்டான். இருட்டில் பேனல்கள் வரத் தொடங்கியதும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் என்று அவன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.